பிரைமர் விலை இப்படி ஏறிவிட்டதே, ரீலோடிங் இனிக் கட்டுப்படியாகுமா?

டெக்சஸ் மாநிலம், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எனக்கு கிரீன் கார்டு இருக்கிறது. மாதம் சுமார் 400 ரவுண்டு (தோட்டா) 9 மி.மீ. பிஸ்டலிலும், 60 ரவுண்டு 6.5 கிரீட்மூர் ரைஃபிளிலும் ரேஞ்சில் சுடுகிறேன். தோட்டா விலை கையைக் கடிப்பதால் வீட்டிலேயே ரீலோடிங் (சுட்ட கூட்டை நிரப்பி மீண்டும் தோட்டா ஆக்குவது) செய்யலாம் என்று பார்த்தால், பிரைமரும் (அடிபட்டதும் தீப்பொறி தரும் சின்ன மூடி) பவுடரும் (எரிந்து உந்தும் மருந்து) அதற்குமேல் ஏறி நிற்கின்றன. கன் ஷோவில் (துப்பாக்கிச் சந்தையில்) ஒருவர் மலிவாகத் தருகிறேன் என்கிறார். எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர், சேர்ந்து ஆர்டர் செய்தால் அனுப்பும் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்கிறார். விலை ஏன் இப்படி ஆனது? நான் ரீலோடிங்கில் இறங்கலாமா?"

ரைஃபிளுக்கு இறங்கலாம், பிஸ்டலுக்கு இப்போது வேண்டாம் என்பதே என் பதில். கன் ஷோக்காரரைத் தவிர்த்துவிடுங்கள். நண்பரோடு சேர்ந்து வாங்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள். இருப்பதிலேயே ஆபத்தான யோசனை அதுதான் என்பதால் அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு தோட்டாவில் பித்தளைக் கூடு, பிரைமர், பவுடர், புல்லட் (பறந்து செல்லும் முனை) என நான்கு பொருள்கள் உள்ளன. கூட்டைப் பொறுக்கி வைத்தால் மீண்டும் பயன்படும். மற்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 9 மி.மீ. ரவுண்டுக்குப் புல்லட் 10 அல்லது 11 சென்ட், பிரைமர் 7 சென்ட், பவுடர் 3 சென்ட் என்று வைத்தால் 20 சென்டைத் தாண்டிவிடுகிறது. பெட்டியாக வாங்கும் சாதாரணப் பயிற்சித் தோட்டாவே 23, 24 சென்டுக்குக் கிடைக்கும்போது மிச்சமாவது 3 சென்ட், உங்கள் அளவுக்கு மாதம் 12 டாலர். பிரஸ், டை, தராசு என்று கருவிகளுக்கு 500 டாலர் போட்டால் அந்தப் பணம் திரும்பி வரவே மூன்றரை ஆண்டுகள் ஆகும். நீங்கள் உட்கார்ந்து செலவிடும் மாலைகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ரைஃபிளின் கதை வேறு. ஒரு பவுண்டு பவுடர் 7,000 கிரெயின் (பவுடரை நிறுக்கும் சிற்றளவு). 6.5 கிரீட்மூருக்கு ரவுண்டுக்கு 40 கிரெயின் அளவில் போகும் என்று வைத்தால் (இது விலைக் கணக்குக்கான தோராயம் மட்டுமே; போட வேண்டிய அளவை ரீலோடிங் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்) ஒரு பவுண்டில் 175 ரவுண்டு வரும். பவுண்டு 55 டாலர் என்றால் ரவுண்டுக்குப் பவுடர் 31 சென்ட், புல்லட் 45 சென்ட், பிரைமர் 8 சென்ட், பலமுறை பயன்படும் கூட்டுக்கு 10 சென்ட், ஆக மொத்தம் 94 சென்ட். போட்டித் தரத் தோட்டா கடையில் 1 டாலர் 60 சென்டுக்குக் குறைந்து கிடைப்பது அரிது என்பதால், மாதம் 60 ரவுண்டுக்கு 40 டாலர் மிச்சமாகும். கருவிக்குப் போட்ட பணம் ஓராண்டைச் சற்றே தாண்டி மீண்டுவிடும். உங்கள் ஊர் விலைகளை இந்த இடங்களில் போட்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள், விடை பெரிதாக மாறாது.

விலை ஏன் இப்படி ஆனது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2019-ல் ஆயிரம் பிரைமர் 30 டாலர் அளவில் கிடைத்தது. 2020-ல் பெருந்தொற்றும் தேர்தலும் சேர்ந்து வந்தபோது துப்பாக்கி வாங்கியவர்கள் பெருகினார்கள். 2021-ல் தனியார் கைமாற்றில் அதே பெட்டி 100 டாலரைத் தாண்டியது. பிறகு 60 முதல் 80 டாலருக்குள் இறங்கியது, பழைய விலைக்குத் திரும்பவில்லை. பவுடருக்கு அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸ் பஞ்சுக் கழிவிலிருந்து தயாராவது. உக்ரைன் போருக்குப் பிறகு பீரங்கிக் குண்டுக்கும் அதே பொருள்தான் தேவைப்படுகிறது. உலகளாவிய பவுடர் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, அப்போது தோட்டாவும் பிரைமரும் தயாரித்துவந்த விஸ்டா அவுட்டோர் நிறுவனம் 2024 ஜனவரியிலேயே, ஏப்ரல் 1 முதல் விலையை உயர்த்துவதாக வணிகர்களுக்குக் கடிதம் அனுப்பியது. பிரைமர் கலவையில் சேரும் ஆன்டிமனிக்கு 2024 செப்டம்பரில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்து, டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே தடை செய்தது.

இவற்றோடு, சந்தையின் அமைப்பே வாங்குபவருக்கு எதிராக இருக்கிறது. கடை அலமாரியில் பெடரல், சிசிஐ, ரெமிங்டன், வின்செஸ்டர் என்று நான்கு பெயர்களைப் பார்த்து நான்கு நிறுவனங்கள் போட்டியிடுவதாக நினைக்கிறோம். முதல் மூன்றும் விஸ்டா அவுட்டோர் என்ற ஒரே குடையின் கீழ் இருந்து, 2024 நவம்பரில் செக் நாட்டின் செக்கோஸ்லோவாக் குழுமத்துக்குக் கைமாறின. ராணுவ ஒப்பந்தங்கள் வந்தால் அவற்றை முதலில் கவனித்துவிட்டு, மிஞ்சியதைப் பொட்டலம் கட்டி நமக்கு அனுப்புகிறார்கள். எப்போது வரும் என்று ஒருவரும் சொல்வதில்லை. மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும் அலமாரிக்கு முன்னால் நின்று பதில் கேட்டுச் சலித்துப்போனவன் நான்.

இந்தத் தட்டுப்பாட்டில்தான் இடைத்தரகர்கள் வளர்கிறார்கள். கன் ஷோவில் மலிவாகத் தருகிறேன் என்றவரிடம் மூடி திறக்காத, உறை கிழியாத, லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்) உள்ள பவுடர் டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்புக்கு வந்த ஒருவர், அப்படி ஒரு மேசையில் பாதி விலைக்கு வாங்கிய டப்பாவைக் கொண்டுவந்தார். லேபிளில் இருந்தது மெதுவாக எரியும் ரைஃபிள் பவுடரின் பெயர். அது பென்சில் முனையை நறுக்கியதுபோல் சின்னச் சின்னக் குச்சிகளாக இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை கொட்டிப் பார்த்தபோது, உளுந்துத் தோலைப்போல் தட்டையான செதில்கள் விழுந்தன. வேகமாக எரியும் பிஸ்டல் பவுடரை யாரோ அதில் கொட்டி வைத்திருந்தார்கள். லேபிளை நம்பி ரைஃபிள் கூட்டை அதனால் நிரப்பியிருந்தால் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறை அவர் முகத்துக்கு அருகே பிளந்திருக்கும். பிரைமரும் அப்படித்தான்: நூறு குழிகள் கொண்ட தட்டில் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தால்தான் பாதுகாப்பு. அதைப் பாட்டிலில் கொட்டி எண்ணிக்கை சொல்லி விற்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். ஒன்று வெடித்தால் மொத்தமும் சேர்ந்து வெடிக்கும்.

இணையத்தில் இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். ஊரெல்லாம் தீர்ந்துபோன பிரைமர் அவர்களிடம் மட்டும் பழைய விலையில் இருக்கும். பணத்தை ஜெல் (Zelle) என்ற பணப்பரிமாற்றச் சேவை வழியாகவோ கிரிப்டோவாகவோ அனுப்பச் சொல்வார்கள். தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை, அமெரிக்க அஞ்சல் துறை பிரைமரையும் பவுடரையும் ஏற்பதே இல்லை. முறையான விற்பனையாளர் அபாயப் பொருள் கட்டணம் என்று 20, 30 டாலரோ அதற்கு மேலுமோ தனியாக வாங்குவார். ஆயிரம் பிரைமருக்கு 30 டாலர் கட்டினால் ஒன்றுக்கு 3 சென்ட் கூடிவிடும்; ஐந்தாயிரத்துக்கு அதே கட்டணம் என்றால் அரை சென்டுக்குச் சற்று மேல். பெரும்பாலான கடைகளில் எடை வரம்புக்குள் பவுடரையும் பிரைமரையும் ஒரே கட்டணத்தில் சேர்த்து அனுப்புவார்கள் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வாங்குவது நல்லது. வீட்டில் வைப்பதற்கு, தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495-ஆம் எண் விதித்தொகுப்பு 10,000 பிரைமர், மூல டப்பாவிலேயே 20 பவுண்டு பவுடர் என்று வரம்பு வைக்கிறது.

வழக்கமான பவுடர் கிடைக்காதபோது பெயரில் ஒற்றுமை உள்ள மற்றொன்றை அதே அளவில் போடும் பழக்கத்தை எப்போதும் தொடங்காதீர்கள். ஹெச் 4350, ஐஎம்ஆர் 4350 இரண்டும் வெவ்வேறு பவுடர்கள். எண் ஒன்று என்பதற்காக ஒன்றின் அளவை மற்றதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி உங்கள் நண்பர் விஷயம். எச்-1பி உள்ளிட்ட தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டத்தின் 18-ஆம் தலைப்பு, 922-ஆம் பிரிவு தடை செய்கிறது. "தோட்டா இல்லையே, வெறும் பிரைமர்தானே" என்று உங்கள் நண்பர் நினைக்கலாம். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதே சட்டத்தின் 921-ஆம் பிரிவில் 'தோட்டா' என்ற சொல்லுக்குள் கூடு, பிரைமர், புல்லட், பவுடர் நான்கும் தனித்தனியாகவே அடக்கம். ஆகவே அவர் தன் பங்கை வீட்டுக்கு எடுத்துச் சென்றால் அது அவருடைய குற்றம், அவருடைய விசா நிலை தெரிந்தே நீங்கள் அதைக் கொடுத்தால் அது உங்களுடைய குற்றம். 2022-க்குப் பிறகு இரண்டுக்கும் 15 ஆண்டுகள் வரை சிறை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைப் பாதியளவு தெரிந்துகொண்டு மாட்டிக்கொள்பவர்கள் நம்மவர்களில் அதிகம். ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, நடப்பில் உள்ள வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. 'நடப்பில் உள்ள' என்பதைக் கவனியுங்கள். டெக்சஸ் வேட்டை உரிமத்தை எந்த மாதத்தில் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். ஜூலையில் வாங்கிவிட்டு ஓராண்டு செல்லும் என்று நம்பி இருப்பவர், செப்டம்பர் 1 காலையில் அலமாரியில் தோட்டா வைத்திருக்கும் குற்றவாளி ஆகிவிடுகிறார். மீன்பிடி உரிமம் இதில் சேராது. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்து வரிசையில் நிற்பதும் போதாது. இந்தியர்களுக்கு அந்த வரிசை பல ஆண்டுகள் நீள்வதால், வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்ட ஒருவரைச் சட்டம் இன்னும் தற்காலிக விருந்தினர் என்றே வைத்திருக்கிறது. டெக்சஸ் கடையில் பிரைமர் வாங்கும்போது யாரும் விசா கேட்பதில்லை, இதைச் சொல்லும் அறிவிப்புப் பலகையும் இல்லை. ஒருவரின் எதிர்காலத்தையே முடக்கக்கூடிய விதியை வரையறைப் பிரிவுக்குள் புதைத்துவிட்டுக் கல்லாவில் மட்டும் கேள்வியில்லாமல் பணம் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நண்பருக்கு இந்த ஆர்வம் உண்மையாகவே இருந்தால், முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசட்டும், பிறகு வேட்டை உரிமத்தைத் தன் பெயரில் எடுத்துத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளட்டும். அதுவரை, உங்கள் ஆர்டரை உங்கள் பணத்தில், உங்கள் முகவரிக்கு, ரைஃபிளுக்குத் தேவையான அளவில் மட்டும் போடுங்கள்: பெரிய ரைஃபிள் பிரைமரா சிறிய ரைஃபிள் பிரைமரா என்பது நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் கூட்டின் அடிக்குழியைப் பொறுத்தது. 6.5 கிரீட்மூரில் இரண்டு வகையும் வருவதால், ஆர்டர் போடுவதற்கு முன் கூடுகளைக் கொட்டிப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.