பாஞ்சாலங்குறிச்சி கற்றுக்கொடுத்தது எட்டப்பன் கதையை மட்டுமா?

"பழைய போர்களிலிருந்து இன்றைக்கு நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? உங்கள் ஊர் வரலாற்றை வைத்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு ஊர் ஓட்டப்பிடாரம் பக்கம். பழைய திருநெல்வேலிச் சீமை, இப்போது தூத்துக்குடி மாவட்டம். ராணுவத்தில் இன்ஜினியர் பிரிவில் 17 வருஷம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றேன்.

எங்கள் பக்கம் சின்னப் பிள்ளையிடம் இதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: எட்டப்பன் காட்டிக்கொடுத்தான், கட்டபொம்மன் தூக்கில் தொங்கினார். நானும் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தேன். என் செக்‌ஷனில் எட்டயபுரத்துக்காரர் ஒருத்தர் இருந்தார். தமிழ்ப் பையன்கள் அத்தனை பேரும் அவரை எட்டப்பன் என்றே கூப்பிடுவோம். ஒருநாள் ராத்திரிக் காவலில் அவர் என்னிடம், "எங்க ராசா வெள்ளைக்காரன்கூட நின்னது நெசந்தாம்ணே. ஆனா நீங்க தோத்ததுக்கு அது ஒண்ணுதான் காரணமா? என்னைக்காவது தேதியைப் போட்டுப் பாத்திருக்கியளா?" என்றார். லீவில் வந்ததும் உட்கார்ந்து பார்த்தேன். அதற்கப்புறம் அந்தப் பேரைச் சொல்லி நான் யாரையும் கூப்பிட்டதில்லை.

1799 மே 4: ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்தார். செப்டம்பர் 5: கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாசலில் நின்றார். இரண்டுக்கும் நடுவில் நாலு மாதம்தான். மைசூரில் மாட்டிக்கிடந்த கம்பெனிப் படைக்குக் கை ஒழிந்ததும் தெற்கே திரும்பியது. அன்றைய தாக்குதலில் பானர்மேனுக்குத்தான் அடி, அதிகாரிகளே சிலர் செத்தார்கள். ஆனாலும் கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கம்பெனி திப்புவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தென்பாளையங்கள் சேர்ந்து எழுந்திருந்தால் கதை வேறு என்பது என் எண்ணம்.

ஆனால் நான் அதிகம் யோசிப்பது 1801-ஐப் பற்றித்தான். பிப்ரவரி 2 அன்று, பாளையங்கோட்டை வெள்ளைக்கார அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்தபோது, சிறையிலிருந்த கட்டபொம்மனின் தம்பிகள் ஊமைத்துரையும் செவத்தையாவும் தப்பினார்கள். பிப்ரவரி 9 அன்று மெக்காலே படையோடு வந்து பார்த்தால், முன்பு கம்பெனி தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைச் சுவர் எழும்பி நிற்கிறது, மேலே சுமார் 1500 பேர் காவல் நிற்கிறார்கள். ஒரே வாரம்! வந்த படை திரும்பிப் போனது.

எங்கள் தாத்தா மண்சுவர் வைப்பதைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறேன். மண்ணில் தண்ணீர் விட்டு ஒருநாள் ஊறப்போடுவார். வைக்கோலைத் துண்டுதுண்டாக நறுக்கிப் போட்டு, கால் வழுக்காமல் கட்டியாகும்வரை மிதிப்பார். ஒரு முழ உயரம் வைத்துக் காயவிட்டுத்தான் அடுத்த முழம். வைக்கோல் இல்லையென்றால் சுவர் காயும்போதே வெடித்துவிடும். (கோட்டைக்குப் பதநீரும் கருப்பட்டியும் கலந்ததாக ஊரில் சொல்வார்கள். நல்ல மண்ணும் வைக்கோலும் இருந்தாலே போதும்.) கல்சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் தெறிக்கும், பிளக்கும். மண்சுவர் குண்டைத் தன்னுள்ளே வாங்கிப் புதைத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் அதை எழுப்ப எத்தனை ஆயிரம் கால்கள் ராப்பகலாக மிதித்திருக்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

மார்ச் 31 அன்று மெக்காலே பெரும்படையோடு வந்து தாக்கினார். சுவரை ஏறியவர்களை உள்ளேயிருந்து நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளினார்கள். முன்னால் போன 120 வெள்ளைச் சிப்பாய்களில் காயமில்லாமல் திரும்பியவர்கள் 46 பேர்தான் என்று அந்தப் படையிலேயே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருக்கிறார். ஊமைத்துரை ஆணையிடும் விதத்தையும் அவர்தான் சொல்கிறார்: இடது உள்ளங்கையில் சில வைக்கோல் துண்டுகளை அடுக்குவாராம், அதுதான் ஆங்கிலப் படை. வாயால் 'உஸ்ஸ்' என்று ஓசையெழுப்பி மற்ற கையால் அதை ஒரே வீச்சாகத் துடைத்தெறிவாராம். தாக்கு என்று அர்த்தம்.

அன்றைக்கு ஜெயித்தது நாம்தான். கோட்டை விழுந்தது மே 24. நடுவில் 54 நாள்.

எங்கள் பிரிவில் முதல் வாரமே மண்டையில் ஏற்றும் விஷயம் இது: சுவரோ, அகழியோ, கண்ணிவெடியோ, எந்தத் தடையும் எதிரியைத் தடுத்துவிடாது. நேரத்தை வாங்கித் தரும், அவ்வளவுதான். வாங்கிய நேரத்தில் வேறொரு கை அடிக்க வேண்டும். ஊமைத்துரையின் சுவர் 54 நாளை வாங்கித் தந்தது. மெக்காலே கோட்டைக்கு எதிரிலேயே கூடாரம் போட்டுத் துணைப்படைக்காகக் காத்துக் கிடந்தார். கோட்டையிலிருந்து இறங்கிப் போய்க் கூடாரத்தைத் தாக்கியும் பார்த்தார்கள். ஆனால் பீரங்கியும் ஆட்களும் வரும் பாதையை மறிக்க வெளியே இன்னொரு படை இல்லை. கர்னல் அக்னியூ வந்து சேர்ந்தார், சுவர் உடைந்தது. சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்கள் திருச்சியில் எல்லோரையும் ஒன்றுசேர அழைத்து அறிக்கை ஒட்டியது ஜூன் 16. கோட்டை விழுந்து 23 நாள் ஆகியிருந்தது. ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த அழைப்பு வந்தது. அக்டோபரில் மருதுகளும் நவம்பர் 16 அன்று ஊமைத்துரையும் செவத்தையாவும் தூக்கிலேறினார்கள்.

பழியை ஒருத்தர் தலையில் போட்டுவிட்டால் இந்த 54 நாளையும் 23 நாளையும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எட்டயபுரம் கம்பெனியோடு நின்றது உண்மை. அதற்குப் பின்னால் இரண்டு பாளையங்களுக்கும் இடையே வருஷக்கணக்கான எல்லைத் தகராறு இருந்ததும் உண்மை. அந்தத் தகராறை நமக்குள்ளேயே தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கோட்டை விழுந்த அன்று நடந்த ஒன்றையும் வெல்ஷ் எழுதியிருக்கிறார். விழுந்து கிடந்தவர்களுக்குள் தன் மகனைத் தேடி ஒரு தாய் வந்தாள். உயிர் போகும் நிலையில் கிடந்த மகன், என்னை விடு, பக்கத்தில் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்றான். சாமி என்றது ஊமைத்துரையை. அவரைத் தூக்கிப் போகும் வழியில் எட்டயபுரத்து ஆட்கள் எதிரே வர, துணியால் மூடி, அம்மையில் செத்துப்போன பிள்ளை என்று அழுதார்கள். அம்மைக்குப் பயந்து வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

எட்டயபுரத்து நண்பர் என் மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது இரண்டு பேரும் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனோம். 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டு, தோண்டி எடுத்த பழைய அடித்தளத்துக்கும் வெள்ளைக்காரர் கல்லறைகளுக்கும் நடந்தோம். இந்தக் கதையை அங்கே வைத்துத்தான் அவருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "அந்த அம்மா எந்தப் பக்கமாண்ணே தூக்கிட்டுப் போயிருப்பா?" என்றார். சுற்றிலும் உடைமரக் காடு. அதைப் பார்த்தபடி இரண்டு பேரும் வெயில் தாழும்வரை அங்கேயே நின்றிருந்தோம்.