வளர்ந்த பிள்ளைக்கு ஆட்டிசம்: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை மலேசியாவின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெரியவர்களின் ஆட்டிசம் பற்றியவை. எழுதுபவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: வயதைக் குறிப்பிடுங்கள். யாரைப் பற்றிக் கேட்கிறீர்களோ அவர் பத்து வயதுக்கு முன்னால் எப்படி இருந்தார் என்பதையும் எழுதுங்கள். அது தெரியாமல் நான் எதுவும் சொல்வதற்கில்லை.

கேள்வி (செந்தூல்): எனக்கு 34 வயது, கணக்காளர். போன மாதம் ஆட்டிசம், நிலை 1 (மிகக் குறைந்த உதவி தேவைப்படும் நிலை) என்று உறுதியானது. அம்மாவோ, "பட்டம் வாங்கி வேலை பார்க்கிற உனக்கு என்ன ஆட்டிசம்? டாக்டர் காசுக்காகச் சொல்கிறார்" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: முழு அறிக்கையையும் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். ஆட்டிசம் என்றால் அவருக்குத் தெரிந்தது பேச்சு வராத ஐந்து வயதுப் பிள்ளை. அதோடு, "நீங்கள் என்னைச் சரியாக வளர்க்கவில்லை" என்று நீங்கள் சொல்வதாகவே அவர் காதில் விழும். ஒரே ஒரு விஷயத்தில் ஆரம்பியுங்கள். தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் வந்ததும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது திமிரால் இல்லை, இருபது பேர் ஒன்றாகப் பேசும் சத்தம் தாங்க முடியாமல்தான் என்று சொல்லுங்கள். "எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான், எனக்கு என்ன ஆட்டிசமா?" என்பார். பல வீடுகளில் இந்த இடத்தில்தான் சண்டை மூள்கிறது. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆட்டிசம் பெரும்பாலும் பரம்பரையில் வருவது, இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கை 80 விழுக்காடு அளவில் வைக்கின்றன. "அப்போது நீங்கள் என்னம்மா செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் பேசட்டும்.

கேள்வி (ஊரும் இல்லை, வயதும் இல்லை): இணையத்தில் 50 கேள்விகள் உள்ள சோதனையில் 36 எடுத்தேன். எனக்கு ஆட்டிசமா?

பதில்: தெரியாது. அது வடிகட்டும் கேள்வித்தாள், தீர்ப்பு இல்லை. பதற்ற நோய் உள்ளவர்களும் அதில் நிறைய எடுப்பார்கள். 32 அல்லது அதற்கு மேல் வந்தால் முறையான மதிப்பீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். சிறுவயது விவரம் எங்கே?

கேள்வி (ஜெலுத்தோங்): என் மகளை மதிப்பிடும் உளவியலாளர் என்னையும் வரச் சொல்கிறார். நான் போய் என்ன சொல்வது?

பதில்: நடந்ததைச் சொல்லுங்கள். ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அறிகுறிகள் சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த வயதில் அவரைப் பார்த்தவர் நீங்கள். தாய்மார்கள் வந்து உட்கார்ந்ததும், "ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை, தங்கமான பிள்ளை" என்பார்கள். அரை மணி நேரம் போன பிறகுதான் மற்றது வரும்: நீலத் தட்டு இல்லாவிட்டால் சோற்றைத் தொடமாட்டாள், சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிளை வெட்டியெடுத்தால்தான் போட்டுக்கொள்வாள், ஓய்வு நேரம் முழுக்க நூலகத்தில் தனியாக இருப்பாள். மதிப்பிடும் எங்களுக்கு வேண்டியது அதுதான். பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடந்துகொள்ளப் பழகிவிடுவதால் ஆசிரியர்களுக்கும் தெரியாமல் போயிருக்கும். தமிழ்ப்பள்ளி மதிப்பெண் அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். மதிப்பெண்ணைவிட ஆசிரியர் எழுதிய குறிப்பு முக்கியம்.

கேள்வி (பட்டர்வொர்த்): என் மகனுக்கு 31 வயது, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பொறியாளர். எங்களைக் கேட்காமலேயே ஆட்டிசம் என்று எழுதி வாங்கியிருக்கிறான். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வேறு மருத்துவரிடம் 'ஒன்றும் இல்லை' என்று கடிதம் வாங்கலாமா? பெண் வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பதில்: ஐயா, இதே கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

31 வயது மகன் மருத்துவரைப் பார்க்க உங்கள் அனுமதி தேவையில்லை. அந்த அறிக்கை அவருடையது. இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் அவர் கேட்கலாம். விடையை நீங்கள் முடிவு செய்துவிட்டு அதை எழுதித் தர ஆள் தேடுவது மருத்துவம் இல்லை.

ஆட்டிசம் பிறவியிலேயே அமைந்த மூளை வளர்ச்சி வேறுபாடு. தாலி கட்டியதும் அது மாறாது. ஆட்டிசம் உள்ளவர்கள் கல்யாணம் செய்து நன்றாக வாழ்கிறார்கள். அப்படி நான் பார்த்த வீடுகளில் இருவருக்கும் விஷயம் தெரியும். மறைத்துச் செய்த கல்யாணங்களையும் பார்க்கிறேன். வேலை முடிந்து வரும் கணவர் ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் அறையில் இருப்பார். தன்னைப் பிடிக்கவில்லை என்று மனைவி அழுவார். மாமனார் வீட்டு விருந்தில் கணவர் பாதியில் எழுந்து போவார், அவமானப்படுத்திவிட்டதாகப் பேச்சாகும். ஒரு வருடம் ஆவதற்குள் அந்தப் பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுவார். அப்புறம் அறிக்கை வெளியே வரும், "முன்னாலேயே தெரியுமா?" என்று கேட்பார்கள். மறைத்தது நீங்கள், தலைகுனிந்து நிற்பது உங்கள் மகன். அந்தப் பெண்ணைப் பற்றி இந்தக் கடிதங்களில் ஒரு வரிகூட இருப்பதில்லை. பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். கூட வாழப்போகிறவரைப் பற்றி இதைத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இல்லையா?

மகன் எதற்காக மருத்துவரிடம் போனார் என்று நீங்கள் எழுதவே இல்லை. முப்பது வயதுக்கு மேல் மதிப்பீட்டுக்கு வருபவர்களில் பலர் தூக்கம் கெட்டு, வேலையையே விட்டுவிடும் நிலையில்தான் வருகிறார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மற்றவர்களைவிட அதிகம். இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. பெண் பார்ப்பதை நிறுத்தி வையுங்கள். ஏன் போனாய் என்று இன்றிரவே கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். கல்யாணம் வேண்டுமா, பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அவர் முடிவு.

கேள்வி (கெப்போங்): பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். தடுப்பூசியும் போட்டேன். என் தவறா?

பதில்: இல்லை அம்மா. தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று 1950, 60களில் நிபுணர்களே சொன்னார்கள், அது பொய்த்துப்போனது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற கதை, 12 பிள்ளைகளை வைத்து 1998-இல் வந்த ஒரு கட்டுரையில் தொடங்கியது. வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது. பேரப்பிள்ளைகளுக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்தால் வேலை போய்விடும் என்கிறார் அப்பா.

பதில்: நோயறிதல் வேறு, அட்டை வேறு. பதிவு கட்டாயம் இல்லை. சமூக நல இலாகாவில் ஆட்டிசம் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வரும், மனநோய்ப் பிரிவில் இல்லை. முதலாளியிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

கேள்வி (ராவாங் சாலை): 28 வயது மகனுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை, உடலில் உள்ள உலோக நச்சை எடுக்கும் சிகிச்சை, கோயில் பரிகாரம் என்றெல்லாம் சொல்கிறார்கள்.

பதில்: அந்தச் சிகிச்சைகள் வேண்டாம். ஆட்டிசத்தைப் போக்கும் சிகிச்சை எதுவும் கிடையாது. உலோக நச்சை எடுக்கும் ஊசியால் 2005-இல் அமெரிக்காவில் ஒரு சிறுவன் இறந்தே போனான். பரிகாரம் உங்கள் நம்பிக்கை, செய்யுங்கள். ஆனால் மகனை இழுத்துக்கொண்டு போய்த் தைப்பூசக் கூட்டத்தில், உறுமி மேளத்துக்கு நடுவில் நிறுத்தாதீர்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): ஆட்டிச மதிப்பீட்டுக்குப் பினாங்கில் எங்கே போவது? அம்மா என்னோடு வரமாட்டேன் என்கிறார்.

பதில்: கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார மருந்தகம்) பரிந்துரைக் கடிதம் வாங்கி, பினாங்கு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். சில வெள்ளிதான் (ரிங்கிட்) ஆகும், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். தனியாரில் செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். பணம் கட்டுவதற்கு முன், அந்த மருத்துவ உளவியலாளர் 2016 துணை சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி பதிவு பெற்றவரா, பெரியவர்களை மதிப்பிட்ட அனுபவம் உள்ளவரா என்று கேளுங்கள். அம்மா வராவிட்டால் அத்தையோ அண்ணனோ வரலாம். உங்களைப் பத்து வயதுக்கு முன்னால் பார்த்தவராக இருந்தால் போதும். அப்படி யாருமே இல்லாவிட்டாலும் மதிப்பீடு செய்யலாம். அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.