முதலில் எழுந்து போவது யார்?

கேள்வி: வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், 14 வயது மகள், 9 வயது மகன், 68 வயது மாமியார். வாரத்தில் ஒரு ராத்திரியாவது போனை ஓரமாக வைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து விளையாடலாம் என்று, நாடு பிடிக்கும் போர் ஆட்டம் ஒன்றை வாங்கினோம். அரை மணி நேரத்தில் மகனின் படை மொத்தமும் காலி. ஆட்டமோ அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் ஓடியது. அவன் செத்துப்போன சிப்பாய்களைக் கலர் வாரியாக அடுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கடைசியில் அழுதுகொண்டே படுக்கப் போனான். மாமியாருக்குக் கார்டில் இருக்கும் பொடி எழுத்து தெரியவில்லை. கணவரோ, "மூளைக்கு வேலை இருக்கணும், சும்மா பகடை உருட்டுற ஆட்டம் வேண்டாம்" என்கிறார். எல்லோருக்கும் ஒத்துவரும்படி ஒரே ஒரு ஸ்ட்ராட்டஜி போர்டு கேம் சொல்லுங்களேன்.
- ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் என் மனதில் நின்றது அந்தச் சிப்பாய்களை அடுக்கிக்கொண்டிருந்த பையன்தான். இரண்டு மணி நேரம் அவன் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான், பாருங்கள். அவனுக்கு உங்களோடு இருக்க ஆசை. அந்த ஆட்டத்தில்தான் அவனுக்கு இடம் இல்லை.

கடைக்குப் போனால் 'எது நல்ல ஆட்டம்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அதற்கு முன்னால் 'எங்கள் வீட்டில் முதலில் எழுந்து போவது யார்?' என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஆளுக்குப் பொருந்தும் ஆட்டத்தை வாங்கினால் மற்றவர்கள் தானாகவே உட்கார்ந்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் அது மகனும் மாமியாரும். கணவர் மூன்றாவதுதான்; அவரிடம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

அப்படிப் பார்த்தால் முதல் விஷயம், நடுவில் யாரும் அவுட் ஆகக் கூடாது. இரண்டாவது, பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் ஆள் எண்ணிக்கை. இதில்தான் ஐந்து பேர் உள்ள குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. பெயர் பெற்ற ஆட்டங்களில் பல நான்கு பேரோடு நின்றுவிடும். கேட்டான் என்ற ஆட்டத்தை உங்களுக்குப் பலரும் சொல்லியிருப்பார்கள். 1995-இல் ஜெர்மனியில் வந்த அருமையான ஆட்டம்தான். ஆனால் அடிப்படைப் பெட்டி 3 அல்லது 4 பேருக்கு மட்டுமே. ஐந்தாவது ஆளைச் சேர்க்கத் தனியாக இன்னொரு பெட்டி வாங்க வேண்டும். அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு பகடையின் கூட்டல் 7 வந்தால் திருடன் காயை நகர்த்தி இன்னொருவர் கையிலிருந்து ஒரு கார்டைப் பிடுங்கலாம். பகடை விழும் 36 விதங்களில் 6 விதம் 7 தான், வேறெந்தக் கூட்டலும் அத்தனை தடவை வராது. அக்கா தம்பியிடமிருந்து பிடுங்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இன்னும் இரண்டு வருஷம் கழித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது டிக்கெட் டு ரைடு. அதிலும் 2005-இல் வந்த ஐரோப்பா வரைபடப் பெட்டி. 2 முதல் 5 பேர் வரை ஆடலாம், 8 வயதிலிருந்து. பகடையே கிடையாது, ஆக உங்கள் கணவரின் முதல் நிபந்தனை முடிந்தது.

ஆட்டம் இதுதான்: ஒவ்வொருவருக்கும் 45 குட்டி ரயில் பெட்டிகள். கையில் ரகசியமாகச் சில டிக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஊர்கள். ஒரே நிறக் கார்டுகளைச் சேர்த்து, வரைபடத்தில் அந்த நிறப் பாதையில் பெட்டிகளை வரிசையாக வைத்து, அந்த இரண்டு ஊர்களையும் இணைக்க வேண்டும். உங்கள் முறை வரும்போது கார்டு எடுக்கலாம், அல்லது பாதை போடலாம், அல்லது புது டிக்கெட் எடுக்கலாம். ஏதாவது ஒன்றுதான். (ஸ்டேஷன் என்று நாலாவதாக ஒன்றும் உண்டு, அதற்கு வருகிறேன்.) ஒரு முறை அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு இது முக்கியம். காத்திருக்கும் நேரம் நீண்டால்தான் கை காலைத் தட்ட ஆரம்பிப்பார்கள்.

மூளைக்கு எங்கே வேலை என்று கணவர் கேட்பார். ஒரு கணக்கை அவர் முன்னால் வையுங்கள். ஒற்றைப் பெட்டி நீளமுள்ள பாதைக்கு 1 பாயிண்ட். ஆறு பெட்டி நீளப் பாதைக்கு 15. ஆறு கார்டை ஆறு குட்டிப் பாதையில் செலவழித்தால் 6 பாயிண்ட்தான், அதுவும் ஆறு முறை போய்விடும். சரி, நீளப் பாதைக்கே காத்திருக்கலாமே என்றால், கையில் ஐந்து சிவப்பு சேர்ந்து ஆறாவதற்கு ஏங்கிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் சத்தமில்லாமல் அந்தப் பாதையில் தன் பெட்டிகளை வைத்துவிடுவார். இன்னும் ஒரு கார்டு எடுக்கலாமா, இப்போதே போட்டுவிடலாமா? ஆட்டம் முழுக்க இந்த இழுபறிதான். ஒரு பெரியவர் ஒரு மணி நேரம் யோசிக்க இது தாராளமாகப் போதும்.

மகனுக்கு இந்த ஆட்டத்தை நான் சொல்ல வேறு காரணமும் இருக்கிறது. டிக்கெட்டுகள் கடைசிவரை ரகசியம். பலகை ஓரத்தில் பாதைக்கான பாயிண்ட் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்; டிக்கெட் பாயிண்ட்களைக் கடைசியில்தான் எண்ணுவார்கள். அதனால் பின்தங்கியிருப்பவருக்கும் தான் தோற்றுவிட்டோம் என்று உறுதியாகத் தெரியாது. கையில் இருக்கும் ஒரு நல்ல டிக்கெட் அவனைக் கடைசி நிமிஷம்வரை உட்கார வைக்கும். சீக்கிரம் அழுதுவிடும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய உதவியை ஒரு விதிப் புத்தகம் செய்துவிட முடியாது.

ஐரோப்பா பெட்டி என்று குறிப்பாகச் சொன்னதும் அவனை நினைத்துத்தான். முதலில் வந்த அமெரிக்க வரைபடத்தில் உங்கள் பாதையை யாராவது அடைத்துவிட்டால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஐரோப்பாவில் ஆளுக்கு மூன்று ஸ்டேஷன் உண்டு. ஓர் ஊரில் ஸ்டேஷன் வைத்துவிட்டால் அங்கிருந்து கிளம்பும் அடுத்தவரின் பாதை ஒன்றை டிக்கெட்டுக்காக நாமும் பயன்படுத்திக்கொள்ளலாம். வழி அடைபட்ட பையனுக்கு அழுவதற்குப் பதிலாகச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: முடிக்காத டிக்கெட்டின் பாயிண்ட் கழிந்துபோகும். தொடக்கத்தில் ஒரு நீள டிக்கெட்டும் மூன்று சிறிய டிக்கெட்டும் தருவார்கள். இரண்டையாவது வைத்துக்கொண்டால் போதும். முதல் சில ஆட்டங்களுக்கு அந்த நீள டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். சுரங்கப் பாதைக்கு மேற்கொண்டு கார்டு கேட்கும் விதி ஒன்று இருக்கிறது. முதல் ராத்திரி அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சாதாரணப் பாதையாகவே ஆடுங்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். ரயில் கார்டுகளில் படிக்க எதுவும் இல்லை, நிறம்தான். நிறம் குழம்பினால் ஒவ்வொன்றிலும் தனித்தனிக் குறியும் உண்டு. ஊர்ப் பெயர்கள்தான் சிறிய எழுத்து, அதிலும் அந்தந்த நாட்டு மொழியில் இருக்கும். வியன்னாவை 'வீன்' என்று போட்டிருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு குட்டி வரைபடம் அச்சாகி, இரண்டு ஊரும் எங்கே இருக்கின்றன என்று குறித்திருக்கும். முதல் தடவை, ஆட்டம் தொடங்குமுன் அவர் டிக்கெட்டை மட்டும் நீங்கள் பார்த்து ஊரைப் பலகையில் விரலால் தொட்டுக் காட்டிவிடுங்கள்.

அப்புறம், முதல் நாளே அவரை ஆட்டத்துக்குள் இழுக்காதீர்கள். எங்கள் அப்பா "நீங்க ஆடுங்க, எனக்கு எதுக்கு" என்று நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு பேப்பர் பிரித்தார். பத்து நிமிஷம் போனதும் பேப்பர் மடிக்கு இறங்கியது. "அந்த நீலத்தை எடு, அவன் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான்" என்று பேத்தி காதில் சொன்னார். அடுத்த ஆட்டத்துக்கு நாற்காலி தானாக முன்னால் வந்தது. உங்கள் மாமியாரையும் பேரன் பக்கத்தில் உட்கார வையுங்கள், அது போதும்.

இது சரிப்பட்டு வந்த பிறகு அடுத்ததாக கார்கசோன் வாங்கலாம். அதுவும் 5 பேர் வரை. 72 சதுர அட்டை ஓடுகள், ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஊரும் சாலையும் வளர்க்க வேண்டும். அதில் படிக்கவே எதுவும் இல்லை, வயலில் ஆள் வைத்துப் பாயிண்ட் சேர்க்கும் உழவர் விதியை மட்டும் முதலில் ஒதுக்கிவிடுங்கள். மகளும் கணவரும் இன்னும் கனமாக வேண்டும் என்று கேட்டால் செவன் வொண்டர்ஸ். 3 முதல் 7 பேர் வரை, எல்லோரும் ஒரே நேரத்தில் கார்டு தேர்ந்தெடுப்பதால் காத்திருப்பே இல்லை. ஆனால் குறியீடுகள் நிறைய, மாமியாருக்குத் தலை சுற்றும். அது அப்பாவும் மகளும் சீக்கிரம் தூக்கம் வராத ராத்திரிகளுக்கு.

நீங்களே கடையில் தேடுவதாக இருந்தால் ஓர் அடையாளம் சொல்கிறேன். ஜெர்மனியில் 1979 முதல் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' என்று ஒரு விருது தருகிறார்கள். பெட்டியில் சிவப்புக் காய் முத்திரை இருந்தால் அந்த விருது பெற்றது. குடும்பத்தோடு ஆடுவதை மனதில் வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். கார்கசோன் 2001-இலும், டிக்கெட் டு ரைடின் முதல் பெட்டி 2004-இலும் வாங்கின. 2011-இலிருந்து, கொஞ்சம் பழகியவர்களுக்கென்று தனி விருது ஒன்றும் உண்டு. அதன் முதல் விருதை வாங்கியதுதான் செவன் வொண்டர்ஸ்.

புதுப் பெட்டி வந்ததும் அந்த ராத்திரிக்கு முந்தின நாளே நீங்கள் தனியாக உட்கார்ந்து பலகையை விரித்து, இரண்டு ஆளுக்கும் நீங்களே மாறி மாறி நாலைந்து முறை போட்டுப் பாருங்கள். எல்லோரும் கூடிய பிறகு விதிப் புத்தகத்தை வாசிக்க ஆரம்பித்தால் பையன் அங்கேயே சோர்ந்துவிடுவான். ஐந்து பேர் முதல் தடவை ஆடும்போது ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம், சீக்கிரமே தொடங்கிவிடுங்கள்.

அந்தப் போர் ஆட்டத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மேல் தட்டில் கிடக்கட்டும். பையனுக்குப் பதின்மூன்று, பதினாலு ஆகும்போது அவனே அதை இறக்கி எடுத்துக்கொண்டு அப்பாவைத் தேடி வருவான்.