எண்ணெய் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி (வாசகி, சேலம்): மளிகைக் கடையில் நல்லெண்ணெய் கேட்டு வாங்கினேன். பாதி தீர்ந்த பிறகு மகள் பார்த்துவிட்டு, "அம்மா, இது விளக்கேத்துற எண்ணெய்" என்கிறாள். கடைக்காரர், "நீங்க பார்த்து வாங்கியிருக்கணும்" என்கிறார்.

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. நீங்கள் கேட்டது ஒன்று, அவர் கொடுத்தது வேறு.

இந்த தீப எண்ணெய் விஷயத்தில் எனக்குப் பல வருஷக் கோபம். நல்லெண்ணெயின் அதே நிறம், அதே மாதிரி பாட்டில். 'உண்பதற்கு அல்ல' என்பது மட்டும் பின்பக்கத்தில் எறும்பு சைஸில் இருக்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டம், மனிதர் சாப்பிடும் பொருளுக்கானது. அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டுச் சட்டத்துக்கு வெளியே போய் நின்றுகொள்கிறார்கள். பிறகு அதே பாட்டில் கடையில் சமையல் எண்ணெய்க்குப் பக்கத்திலேயே வந்து உட்காருகிறது.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி, அவசரத்தில் நானும் அப்படி ஒன்றை வாங்கி வந்தேன். விடியற்காலையில் அம்மாவுக்குத் தலையில் தேய்க்கும்போதுதான் எள்ளு வாசமே இல்லை என்று தெரிந்தது. இரண்டு தரம் சீயக்காய் போட்டும் பிசுக்குப் போகவில்லை. வயசான அம்மா, பண்டிகை நாள் முழுக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீப எண்ணெயைத் தனி அலமாரியில் வை, முன்பக்கத்திலேயே பெரிதாக எழுது என்று உத்தரவு போட அரசுக்கு எத்தனை நாள் ஆகும்?

மீதி எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள். பாட்டில், பில், பேட்ச் எண் மூன்றோடும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போங்கள். நல்லெண்ணெய் கேட்டவருக்கு இதைக் கொடுத்தார் என்பதுதான் உங்கள் புகார்.

கேள்வி (வாசகர், திருப்பூர்): வேனில் மைக் வைத்து, 'மரச்செக்கு நல்லெண்ணெய் லிட்டர் 180 ரூபாய்' என்று விற்றார்கள். லேபிள் இல்லாத 5 லிட்டர் கேன். வாசமே இல்லை. இப்போது போன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: ஒரு கிலோ எண்ணெய்க்குச் செக்கில் ஏறக்குறைய இரண்டரை கிலோ எள்ளு ஆட்ட வேண்டும். எள்ளு கிலோ என்ன விலை என்று பக்கத்துக் கடையில் கேட்டிருந்தாலே போதும். அதையும் கேட்கவில்லை, பில்லும் வாங்கவில்லை, கேனில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. யார் மேல் புகார் எழுதுவது, ஐயா?

1998-ல் டில்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு என்ற களைச்செடியின் விதை எண்ணெய் கலந்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். சமையல் எண்ணெயை உதிரியாக விற்கக் கூடாது என்ற தடைக்குப் பின்னால் அந்தச் சாவுகள் இருக்கின்றன. அந்தக் கேனைச் சமையலுக்குத் தொடாதீர்கள்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் ஃபிரிட்ஜில் உறைந்தால் சுத்தம்தானே?

பதில்: இல்லை. கலப்படத்துக்குச் சேர்க்கும் பாம் கர்னல் எண்ணெயும் (எண்ணெய்ப்பனைக் கொட்டைப் பருப்பின் எண்ணெய்) உறையும். 2018-ல் கேரள அரசு 45 தேங்காய் எண்ணெய் பிராண்டுகளைத் தடை செய்தது. அதையெல்லாம் பிடித்தது ஆய்வகம், ஃபிரிட்ஜ் இல்லை.

கேள்வி: 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்ட எண்ணெய்க்கு 30 ரூபாய் கூடக் கொடுக்கலாமா?

பதில்: எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. கொடுக்காதீர்கள்.

கேள்வி (வாசகி, மதுரை): அதிகாரிகள் சாம்பிள் எடுத்துப் போனார்கள். கடை திறந்தேதான் இருக்கிறது. நானே எண்ணெயைச் சோதிக்கக் கொடுக்க முடியுமா?

பதில்: முடியும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் வாங்கும்போதே, "இதைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். அதனால் வீட்டில் உடைத்த பாக்கெட் வேண்டாம், புதிதாக ஒன்று வாங்குங்கள். கட்டணம் உண்டு, எண்ணெய் சட்டப்படி இல்லை என்று ஆய்வறிக்கை வந்தால் அது திரும்பக் கிடைக்கும்.

அதிகாரி எடுத்த சாம்பிளை நான்கு பாகமாகப் பிரித்து சீல் வைப்பார்கள். ஒன்று பகுப்பாய்வாளருக்குப் போகும், 14 நாளில் அறிக்கை வர வேண்டும். வியாபாரி அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். கடை திறந்திருப்பது அதனால்தான். தரம் குறைவு என்றால் 5 லட்சம் வரை, லேபிள் தவறென்றால் 3 லட்சம் வரை அபராதம். பாதுகாப்பற்றது என்று வந்தால் நீதிமன்ற வழக்கு.

15-ஆவது நாள் அலுவலகத்துக்குப் போய் அறிக்கை வந்துவிட்டதா என்று எழுதிக் கேளுங்கள், அம்மா. கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.