கூடப் படிப்பவர்கள் திருத்தினால் நம்பலாமா?

அன்புள்ள அக்கா,

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில் டிகிரி முதல் வருஷம் படிக்கிறேன். இங்கிலீஷ் வகுப்பில் ஐந்து பேரைக் குரூப்பாக உட்காரவைத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்லச் சொல்கிறார்கள். மூன்று பேர் மலையாள மீடியம், நானும் இன்னொருத்தியும் தமிழ் மீடியம். ஸ்பெல்லிங்கை வட்டம் போடுவார்கள், இல்லையென்றால் 'குட்' என்று எழுதிவிடுவார்கள். அவர்களுக்கும் என் அளவுதான் தெரியும். இது டீச்சர் செய்ய வேண்டிய வேலை இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

டீச்சர் திருத்தினால்தான் நம்பிக்கை வருகிறது என்று பல நாட்டு மாணவர்களும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் படித்த சீன மாணவர்களை 1990களில் கார்சனும் நெல்சனும் ஆராய்ந்தார்கள். குரூப்பில் மனக்கசப்பு வரக் கூடாதென்று அந்த மாணவர்கள் குறை சொல்வதையே தவிர்த்தார்களாம். உன் தாளில் விழும் 'குட்'டும் அப்படி வந்ததாக இருக்கலாம்.

ஆனால் 'என் அளவுதான் தெரியும்' என்கிறாயே, அதை நான் ஏற்கவில்லை. இலக்கணம் திருத்த அது போதாது, சரி. அதை டீச்சரிடம் விட்டுவிடு. எந்த வரி புரியவில்லை என்று சொல்ல அந்த ஆங்கிலம் தாராளம். நீ சொல்ல வந்ததை டீச்சர் ஊகித்துப் படித்துவிடுவார். கூடப் படிப்பவள் அப்படியே நின்றுவிடுவாள். மாடுகளுக்கு வைக்கும் பட்டிப்பொங்கல் பற்றி எழுதிப் பார். உன் தமிழ்த் தோழி தலையாட்டிவிட்டுத் தாளைத் திருப்பித் தருவாள். அதைப் பார்த்திராத ஒற்றப்பாலத்து மலையாளப் பெண்தான், பட்டியில் சின்னதாகக் கட்டிய தெப்பக்குளத்தை மாட்டை விட்டு ஏன் மிதிக்க விடுகிறீர்கள் என்று கேட்பாள். நீ எழுதாமல் விட்ட பத்தி அதுதான்.

இன்னொன்று. லண்ட்ஸ்ட்ரோம், பேக்கர் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பிரிவினர் கருத்துச் சொல்ல மட்டும் பழகினார்கள், மற்றவர்கள் வந்த கருத்தை வைத்துத் திருத்த மட்டும் பழகினார்கள். சொன்னவர்களின் சொந்த எழுத்துதான் அதிகம் தேறியது. அதிலும் ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்களுக்குக் கூடுதல் பலன். அதனால் அடுத்தவர் தாளை நீ கவனமாகப் படிப்பதே உனக்கு லாபம்.

டீச்சருக்கும் பொறுப்பு உண்டு. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் ஸ்பெல்லிங் வட்டம்தான் கிடைக்கும். கருத்தையும் ஆங்கிலத்திலேயே சொல்லச் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். உங்கள் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறீர்களே, குரூப்பிலும் அப்படியே பேச விடச் சொல்லி அவரிடம் கேள். கேட்கத் தயங்காதே. அப்புறம், தாளைக் கொடுக்கும்போது அடியில் ஒரு கேள்வி எழுதிக் கொடு: "இதில் உனக்குப் புரியாத வரி எது?"