பிராசசர் மாற்றினேன், டிஸ்ப்ளே வரவில்லை: மலைக்காரர்கள் கேட்டவை

குன்னூரில் சிஸ்டம் பழுது பார்க்கிறவன் நான். பிராசசரை மாற்றிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் கேட்டவை இவை. எல்லோருக்கும் முன்கூட்டியே ஒன்று: புதியது ஒரு வாரமாவது ஒழுங்காக ஓடும்வரை பழைய பிராசசரை விற்காதீர்கள்.

கேள்வி (கோத்தகிரி, டிடிபி கடை): தம்பி, என்னுடையது பி450 மதர்போர்டு. ரைசன் 5 2600 பிராசசரைக் கழற்றி 5600 போட்டேன். கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு. பழையதைப் போட்டால் ஓடுகிறது. போர்டு போய்விட்டது என்கிறார்களே?

பதில்: பழையதைப் போட்டால் ஓடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் போர்டு எப்படிப் போயிருக்கும்? பி450 வந்தது 2018-இல், 5600 வந்தது 2022-இல். பிராசசர் உட்காரும் சாக்கெட் இரண்டுக்கும் ஏஎம்4தான், அதனால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் உங்கள் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் மென்பொருள், பழையதாக இருந்தால், வந்து உட்கார்ந்திருப்பது யார் என்றே போர்டுக்குத் தெரியாது.

2600-ஐ மாட்டியபடியே பயாஸை அப்டேட் செய்யுங்கள். போர்டின் மாடல் பெயரையும் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் டார்ச் அடித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன் இருந்தால் ஃபைலும் வேறு. தயாரிப்பாளரின் தளத்தில் பிராசசர் பட்டியல் இருக்கும். 5600-க்கு நேராக எந்தப் பயாஸ் எண் போட்டிருக்கிறதோ அது அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். சில போர்டுகளில் நடுவே ஒரு பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் புதியதற்குப் போக முடியும். ஃபைலின் கீழே குறிப்பு இருக்கும், அதைப் படிக்காமல் தொடாதீர்கள். பென்டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து, பயாஸுக்குள்ளேயே இருக்கும் ஃபிளாஷ் வசதியில் ஏற்றுங்கள்.

சில நிமிட வேலைதான். ஆனால் அந்தச் சில நிமிடத்தில் கரண்ட் போனால்தான் போர்டு நிஜமாகவே போகும். காற்று மழைக்காலத்தில் நம் ஊரில் மரம் லைனில் விழ நேரம் காலம் கிடையாது, யுபிஎஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். முடிந்ததும் 5600-ஐப் போட்டு, போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

கேள்வி (ஊட்டி, கல்லூரி மாணவர்): அண்ணா, 3200ஜி இருந்தது. பயாஸ் அப்டேட் செய்துவிட்டுத்தான் 5600 போட்டேன். கிராபிக்ஸ் கார்டு கிடையாது, எச்டிஎம்ஐ கேபிள் போர்டில்தான் இருக்கிறது. படமே வரவில்லை.

பதில்: வராது தம்பி. 3200ஜிக்குள் கிராபிக்ஸ் இருந்தது, 5600-க்குள் இல்லை. சிஸ்டம் உள்ளே நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம், காட்டத்தான் வழியில்லை. ஒரு கார்டு வாங்குங்கள், அல்லது கடையில் பேசி 5600ஜியாக மாற்றிக்கொள்ளுங்கள். இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' இருந்தாலும் இதே கதைதான்.

கேள்வி (கூடலூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): எச்110 போர்டில் ஆறாம் தலைமுறை ஐ3 இருந்தது. ஐ5 8400 வாங்கிப் போட்டேன். இரண்டுமே 1151 சாக்கெட் என்று பார்த்துத்தான் வாங்கினேன், டிஸ்ப்ளே வரவில்லை.

பதில்: சார், நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள், இன்டெல்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறது. எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு வேண்டும். பெயரும் அளவும் ஒன்றாக இருந்தாலும் பின் இணைப்பு வேறு. திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய ஐ5 7500 கிடைத்தால் வாங்குங்கள். அதற்கும் முதலில் பயாஸ் அப்டேட் வேண்டியிருக்கலாம்.

கேள்வி (கொடைக்கானல், விடுதி நடத்துபவர்): காலையில் கூலரை இழுத்தேன், ரைசன் பிராசசரும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது! லீவரைக்கூடத் தூக்கவில்லை. நாலைந்து பின் வளைந்திருக்கிறது.

பதில்: நானும் இப்படி ஒன்றைப் பிடுங்கியிருக்கிறேன், வாடிக்கையாளர் எதிரிலேயே. ஏஎம்4-இல் பின்கள் பிராசசரில் இருக்கின்றன, 1331 பின்கள். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூடு கடத்தத் தடவும் பேஸ்ட் காய்ந்தால் பசை மாதிரிப் பிடித்துக்கொள்ளும், மார்கழிக் குளிரில் இன்னும் மோசம். அதனால் கழற்றுவதற்கு முன் சிஸ்டத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். அணைத்து, ஒயரைப் பிடுங்கி, சூடு ஆறுவதற்குள் கூலரின் பிடியை விடுவித்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். 'சளக்' என்று விட்டுக்கொடுக்கும். நேராக மேலே இழுக்கக் கூடாது.

வளைந்த பின்களுக்கு வருவோம். லெட் போடும் பென்சில் இருக்கிறதல்லவா, லெட்டை எடுத்துவிட்டு அதன் உலோக மூக்கைப் பின் மேல் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். மொபைல் கேமராவைப் பெரிதாக்கி வரிசையோடு பார்த்தால் தப்பி நிற்பது தெரியும். ஒரே பின்னை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டிருந்தால் ஒடிந்துவிடும், ஒரே திசையில் மெல்ல நிமிர்த்தி முடியுங்கள். திரும்பப் போடும்போது லீவரைத் தூக்கிவிட்டு, தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வையுங்கள். அது தன் எடையிலேயே உள்ளே இறங்க வேண்டும். விரலால் அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ ஒரு பின் இன்னும் நேராகவில்லை.

கேள்வி (குன்னூர், தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம்): டிஸ்ப்ளே வந்துவிட்டது. ஆனால் புது பிராசசர், எஃப்டிபிஎம் என்று ஏதோ சொல்லி ஒய் அல்லது என் அழுத்தச் சொல்கிறது.

பதில்: இப்போதைக்கு 'என்'. எஃப்டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் வசதி. அலுவலகக் கணினி என்றால் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். 'ஒய்' அழுத்தினால் பழைய சாவி அழிந்து, விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அதை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்தோ உங்கள் ஐடி ஆளிடமிருந்தோ வாங்கி, தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் 'ஒய்' அழுத்துங்கள்.

கேள்வி (ஊட்டி): பனிமூட்டத்தில் பிராசசர் கெட்டுப்போகுமா? மாற்றியதிலிருந்து பீப் சத்தம் மட்டும் வருகிறது.

பதில்: பிராசசரைப் பனி ஒன்றும் செய்யாது. ரேமின் தங்கப் பற்கள்தான் நம் ஈரத்தில் அழுக்கேறும். கூலரைக் கழற்றும்போது கை பட்டு ரேம் லேசாக அசைந்திருக்கவும் கூடும். ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் பற்களைத் தேய்த்து, தூசி தட்டி, இரண்டு பக்கமும் 'கிளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். அப்படியே பிராசசருக்குப் போகும் 8-பின் ஒயர் போர்டின் மேல் மூலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதிப் பேர் மறப்பது அதைத்தான்.

கேள்வி (கோத்தகிரி, இன்னொருவர்): அண்ணா, எனக்கும் பி450, 5600தான். ஆனால் பழைய 2600-ஐ நேற்றே விற்றுவிட்டேன்.

பதில்: அதைத்தான் முதலிலேயே சொன்னேன்! சரி, போர்டின் பின்புறம் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் பிராசசர் இல்லாமலேயே பயாஸ் ஏற்றலாம், கையேட்டில் சொன்ன பெயரை ஃபைலுக்கு வைக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டன் இல்லையென்றால் என் மேசை டிராயரில் ஒரு ரைசன் 3 1200 இதற்கென்றே கிடக்கிறது. கேபினெட்டை எல்லாம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வராதீர்கள். போர்டையும் ரேமையும் கூலரையும் கிராபிக்ஸ் கார்டையும் மட்டும் கொண்டு வந்தால் போதும்.