பாறை மேட்டில் வீடு, மேலே இடிதாங்கி

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம், மாந்தோப்புக்கு நடுவே மேட்டில் மாடி வீடு. கோடை மழை இடியில் போர் மோட்டார் ஸ்டார்ட்டர் இரண்டு முறை கருகிவிட்டது. நூறு மீட்டர் சுற்றிலும் காக்கும் என்று ஒரு இடிதாங்கியை விற்க வருகிறார்கள். வாங்கலாமா? இரண்டடி தோண்டினாலே பாறை. எர்த் எப்படிப் போடுவது?

பதில்: அந்த நூறு மீட்டர் பேச்சை விடுங்கள். மின்னல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 தரநிலை, இடிதாங்கிக் கம்பி நிஜமாக எவ்வளவு உயரம், எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே கணக்கில் எடுக்கும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் சுற்றிலும் 25×3 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை ஓட்டுங்கள். தண்ணீர்த் தொட்டிதான் உச்சி என்றால் அதைவிட உயரமாக ஒரு கம்பி. எதிரெதிர் மூலைகளில் குறைந்தது இரண்டு பட்டைகள் கீழே இறங்க வேண்டும்; மீட்டருக்கு ஒரு கிளாம்ப். சன்ஷேடைச் சுற்றி வளைத்து இறக்குவது நம் ஊர் வேலையில் சகஜம். மின்னல் அந்த வளைவைச் சுற்றிப் போகாமல் குறுக்கே தாவிச் சிமென்ட்டைப் பெயர்க்கும். ஓட்டை போட்டு நேராக இறக்கச் சொல்லுங்கள்.

பாறைக்கு ஆழக் குழி வேண்டாம். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, அரை மீட்டர் ஆழத்தில் வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, 25×6 ஜி.ஐ. பட்டையை வளையமாகப் புதையுங்கள். இறங்கும் பட்டைகளை அதோடு இணையுங்கள். உப்பும் கரியும் கொட்டினால் பட்டை துருப்பிடிக்கும், பென்டோனைட் (ஈரம் பிடித்து வைக்கும் களிமண்) போடலாம். எர்த் மீட்டர் வைத்துப் பார்த்தால் எர்த்தின் மின்தடை 10 ஓமுக்குள் இருப்பது நல்லது. வீட்டு மெயின் போர்டு எர்த்தையும் இந்த வளையத்தோடு சேர்த்தே ஆக வேண்டும். "தனித்தனியா இருந்தாத்தான் சேஃப்டி" என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் கேட்காதீர்கள்; இடி விழும்போது இரண்டுக்கும் நடுவே பெரிய வோல்டேஜ் ஏறி, வீட்டுக்குள்ளேயே பொறி தாவும்.

ஸ்டார்ட்டர் கதை வேறு. தொலைவில் விழும் இடிகூடக் கரண்ட் கம்பி வழியாக வந்து சேரும். இடிதாங்கி அதைத் தடுக்காது, எம்.சி.பி.யும் (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்) தடுக்காது. திடீரென எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் புரொடெக்டர் வையுங்கள்: மெயின் போர்டில் டைப் 1+2 (நேரடி இடியின் கரண்டையும் தாங்கும் வகை), மோட்டார் பெட்டியில் டைப் 2 (கம்பி வழியே வரும் எகிறலுக்கான வகை). அதன் இணைப்பு ஒயர் மொத்தம் அரை மீட்டருக்கு மேல் நீண்டால் பாதிப் பயன் போய்விடும். அதன் முகப்பில் உள்ள சின்ன ஜன்னலில் சிவப்பு தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். இடி முழங்கும்போது மெயினை இறக்க மோட்டார் கொட்டகைக்கு ஓடாதீர்கள். மேகம் கறுக்கும்போதே இறக்கிவிடுங்கள்.

கேள்வி: பென்னாகரத்தில் தகரக் கொட்டகை, உள்ளே மாடும் வைக்கோலும். எர்த் செய்தால் போதுமா?

பதில்: எர்த் அவசியம். ஆனால் அரை மி.மீ. தகரத்தை இடி துளைத்துவிடும், வைக்கோல் பற்றும். துளைபடாமல் இருக்க இரும்பு 4 மி.மீ. கனம் வேண்டும். வைக்கோலை வேறிடத்துக்கு மாற்றுவது மலிவு. மாட்டை மரத்தடியில் கட்டாதீர்கள்: மரத்தில் இறங்கிய மின்னல் தரையில் பரவும்போது, முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே உள்ள வோல்டேஜே கொன்றுவிடும்.